நியான் டெட்ரா வளர்ப்பு: நீரைப் பக்குவப்படுத்துவது முதல் குஞ்சு வளர்ப்பது வரை

நியான் டெட்ரா வாங்கிய பலரிடம் ஒரே விதமான வருத்தத்தைக் கேட்டிருக்கிறேன். கொண்டுவந்த அன்று பத்து மீன்களும் நீலமும் சிவப்புமாக மின்னியபடி நீந்தின. மறுநாள் காலையில் ஒன்று இறந்து கிடந்தது. அந்த வாரம் முடிவதற்குள் மேலும் மூன்று போயின. மாதக் கடைசியில் மிஞ்சிய இரண்டும் வடிகட்டிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வெளியே வரவே இல்லை. இது நோஞ்சான் மீன், வீட்டுத் தொட்டிக்கு ஒத்துவராது என்று அவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. சரியான தொட்டியில் நான்கைந்து ஆண்டுகள் வாழக்கூடிய மீன் இது. பெரும்பாலான வீடுகளில் அதைக் கொல்வது, நீர் பக்குவப்படுவதற்கு முன்பே மீனை உள்ளே விட்டுவிடும் அவசரம்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் மீன் வாங்கும் கட்டம் மிகவும் தாமதமாகவே வருகிறது. அதற்கு முன்னால் சொல்லப்படுபவற்றை அதே வரிசையில் செய்து முடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மீனின் இயல்பும் பிறப்பிடமும்

நியான் டெட்ரா அமேசான் ஆற்றுப் படுகையின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தது. பெரு, கொலம்பியா, பிரேசில் நாடுகளின் காட்டு ஓடைகளில் வாழ்கிறது. அமெரிக்க மீனியல் அறிஞர் ஜார்ஜ் மையர்ஸ் 1936இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியபோது, மீன் வளர்ப்புக்கென இதழ் நடத்திவந்த வில்லியம் இன்னஸின் பெயரை இதற்குச் சூட்டினார். பாராகெய்ரோடான் இன்னேசி என்ற இன்றைய அறிவியல் பெயரின் பிற்பாதி அவரைக் குறிப்பதே. இன்று கடைகளில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை அல்ல, பண்ணைகளில் பெருக்கப்பட்டவை. ஆனால் பல தலைமுறைகள் பண்ணையில் பிறந்த பின்னும் அந்த ஓடைகளின் இயல்பு இம்மீனின் உடலிலிருந்து மறையவில்லை.

அந்த ஓடைகளை மனத்தில் ஒரு முறை வரைந்து பார்ப்பது பயன் தரும். மேலே மரங்கள் கவிந்திருப்பதால் வெளிச்சம் குறைவு. உதிர்ந்த இலைகள் அடியில் படுகையாகக் கிடந்து ஊறுவதால் நீர் தேநீர் நிறம் கொண்டு, சற்றே அமிலத் தன்மையுடன் இருக்கும். கால்சியமும் மக்னீசியமும் மிகக் குறைவு என்பதால் அது மென்னீர். ஓட்டம் மெதுவானது. தொட்டியில் நாம் செய்யும் ஒவ்வொரு தேர்வும், மணலின் நிறம் முதல் விளக்கின் நேரம் வரை, இந்தச் சித்திரத்திலிருந்தே பிறக்கிறது.

மூன்று முதல் நான்கு சென்டிமீட்டர் வரை வளரும் இம்மீனின் நீலக் கோடு சாயம் அல்ல. தோலின் செல்களுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் படிகத் தகடுகள் ஒளியைப் பிரதிபலிப்பதால் தோன்றும் நிறம் அது. தகடுகளின் நிலை மாறும்போது நிறமும் மாறும். இருளில் மீன் தன் நிறத்தை மங்கச் செய்துகொள்ளும். விடியற்காலையில் விளக்கைப் போட்டதும் மீன்கள் வெளிறி நிற்பதைக் கண்டு பதறுபவர்கள் உண்டு; சிறிது நேரத்தில் நிறம் திரும்பிவிடும். பகல் முழுதும் வெளிறியிருந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும்.

இதன் நெருங்கிய உறவான கார்டினல் டெட்ராவைப் பலர் நியானுடன் குழப்பிக்கொள்கிறார்கள். நியானின் சிவப்பு உடலின் நடுவில் தொடங்கி வால் வரை செல்லும். கார்டினலின் சிவப்பு தலைப்பக்கம் முதல் வால் வரை முழு நீளமும் ஓடும். இவ்வேறுபாடு அழகுக்காக மட்டும் அறிய வேண்டியதன்று. நியானுக்கு 22 முதல் 25 டிகிரி செல்சியஸ் இதமானது. கார்டினலுக்கு அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலான வெப்பம் உகந்தது. ஆண்டில் பல மாதங்கள் தொட்டி நீர் 28 டிகிரியைத் தாண்டும் வீடாக இருந்தால், நியானை வருத்துவதைவிடக் கார்டினலைத் தேர்ந்தெடுப்பதே நியாயம் என்பது என் கருத்து. இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் மற்றவை அதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எத்தனை மீன்கள்

ஆறு என்பதே குறைந்தபட்சம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் பத்து அல்லது பன்னிரண்டு என்றே சொல்வேன். கூட்டமாக வாழும் மீனுக்குத் துணை என்பது பாதுகாப்பு. உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு அண்டை மீன் எழுப்பும் நீரசைவை உணர்கிறது. கண் அதன் கோட்டைப் பின்தொடர்கிறது. பல உடல்கள் ஒன்றாகத் திரும்பும்போது வேட்டை மீனால் எந்த ஒன்றையும் குறிவைக்க முடிவதில்லை. மூன்று நான்கு மீன்களாக வைத்தால் இந்தப் பாதுகாப்பு உணர்வு கிடைக்காமல், அவை எப்போதும் பதற்றத்திலேயே இருக்கும். பதற்றம் நீடித்தால் உணவு குறையும், நோய் எதிர்ப்பு குறையும். சிறிய கூட்டத்தில் வலுவான ஆண் ஒன்று மற்றொன்றை ஓயாமல் விரட்டுவதும் நடக்கும். எண்ணிக்கை கூடினால் அந்த விரட்டல் பலரிடம் பங்கிடப்பட்டுத் தீங்கில்லாமல் போய்விடும்.

மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எல்லா மீன்களும் நெருக்கமாக ஒரே திசையில் அணிவகுத்துச் செல்வதைக் காணவே பலர் இவற்றை வாங்குகிறார்கள்; ஆனால் அந்த இறுக்கமான அணிவகுப்பு பெரும்பாலும் அச்சத்தின் அடையாளம். தொட்டிக்குப் பழகி, ஆபத்தில்லை என்று உணர்ந்த கூட்டம் தளர்ந்து, செடிகளுக்கிடையே இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து மேயும். ஏதேனும் நிழல் அசைந்தால் மட்டும் நொடியில் ஒன்றுசேரும். உங்கள் மீன்கள் தளர்ந்து திரிவதைக் கண்டு ஏமாற்றம் அடைய வேண்டாம்.

தொட்டியும் கருவிகளும்

பத்துப் பன்னிரண்டு நியான்களுக்கு 60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம் உள்ள தொட்டி போதும். கணக்குப்படி 54 லிட்டர். மணலும் கட்டையும் போக 45 லிட்டர் அளவு நீர் நிற்கும். நியான்கள் கிடைமட்டமாக நீந்துபவை என்பதால் உயரத்தைவிட நீளமே முக்கியம்; உருண்டைக் கண்ணாடிக் குடுவை இவற்றுக்கு எந்த வகையிலும் ஏற்றதன்று. நீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து எழுபது கிலோவை நெருங்கும் என்பதால் மேசையின் வலிமையையும் சமனையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நேரடி வெயில் விழும் சன்னலோரம் பாசியையும் வெப்பத்தையும் கூட்டும். கதவு அடிக்கடி அறைந்து சாத்தப்படும் இடம் மீன்களைத் திடுக்கிடச் செய்யும். இரண்டையும் தவிர்க்கவும்.

வடிகட்டிகளில், ஏர் பம்புடன் இணையும் ஸ்பாஞ்ச் ஃபில்டரையே இந்த மீனுக்கு முதலில் பரிந்துரைப்பேன். அதன் இழுப்பு மென்மையானது; சிறிய மீனையோ குஞ்சையோ உறிஞ்சாது; நீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிரிகள் குடியேற நிறைய இடம் தரும். தொட்டியின் விளிம்பில் தொங்கும் வகையை வைத்திருப்பவர்கள், நீரை இழுக்கும் குழாயின் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டைப் பொருத்தி, விழும் நீரின் வேகத்தை ஒரு செடியாலோ கட்டையாலோ தணிக்க வேண்டும். மீன்கள் எந்நேரமும் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருந்தால் ஓட்டம் அதிகம் என்று பொருள்.

குளிர்காலத்தில் நீர் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும் வீடுகளில் 50 வாட் ஹீட்டர் ஒன்று தேவைப்படும். அதில் குறித்துள்ள எண்ணை நம்பாமல் தனியே ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். கோடையில் நிலைமை நேர்மாறானது. வெப்பம் ஏறும்போது நீரில் கரையக்கூடிய ஆக்சிஜனின் அளவு குறைகிறது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.5 ஆகச் சுருங்குகிறது. அதே வேளையில் மீனின் தேவை கூடுகிறது. மூடியைத் திறந்து வலை போட்டு, நீரின் மேற்பரப்பில் படும்படி சிறு மின்விசிறி வைத்தால் ஆவியாதலால் நீர் இரண்டு மூன்று டிகிரி குளிரும். பனிக்கட்டியைத் தொட்டியில் போடக் கூடாது; திடீர் வீழ்ச்சி வெப்பத்தைவிடக் கெடுதல்.

அடியில் கருமையான மெல்லிய மணலோ சிறு சரளையோ இடுங்கள். வெள்ளைச் சரளையின் மேல் நியான்கள் நிறம் வெளிறி நிற்கும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகரைன், ஜாவா பாசி ஆகியவை குறைந்த வெளிச்சத்திலேயே வளரும். பின்புறமும் பக்கங்களிலும் அடர்த்தியாக நட்டு, முன்னால் நடுவில் நீந்துவதற்கு வெளியை விடுங்கள். மேலே சில மிதக்கும் செடிகள் இருந்தால் காட்டின் நிழல் கிடைத்துவிடும். விளக்கு நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் எரிந்தால் போதுமானது.

ஊற்றும் நீரைச் சோதித்தல்

தொட்டியை நிரப்புவதற்கு முன் உங்கள் வீட்டு நீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு), பொதுக் கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியத்தின் அளவு), கார்பனேட் கடினத்தன்மை ஆகிய மூன்றையும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பண்ணையில் வளர்ந்த நியானுக்கு பிஎச் 6 முதல் 7.2 வரையும், பொதுக் கடினத்தன்மை 10 டிகிரிக்குள்ளும், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமுக்குள்ளும் இருப்பது நல்லது. சற்று கூடினால் சமாளித்துக்கொள்ளும். ஆழ்துளைக் கிணற்று நீரைப்போல இரு மடங்குக்கு மேல் கடினமாக இருந்தால் ஆர்.ஓ. நீரைக் கலந்து குறைக்கலாம். ஆனால் ஆர்.ஓ. நீரை மட்டுமே ஊற்றக் கூடாது. அதில் மீனுக்குத் தேவையான தாதுக்களும் இல்லை, பிஎச் திடீரெனச் சரிவதைத் தடுக்கும் கார்பனேட்டும் இல்லை.

பிஎச்சைக் குறைக்கும் திரவங்களை வாங்கி ஊற்றுவதை நான் ஊக்குவிப்பதில்லை. கார்பனேட் நிறைந்த நீரில் அவை ஒரு நாள் இறக்கும், மறுநாள் பழைய நிலைக்கு ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கம், நிலையான 7.5ஐவிட மீனுக்குப் பன்மடங்கு துன்பம். காட்டு ஓடையின் தேநீர் நிற நீர் வேண்டுமென்றால், பாதாம் இலை என்று மீன் வளர்ப்போர் அழைக்கும் நாட்டு வாதுமை மரத்தின் நன்றாக உலர்ந்த சருகு இரண்டைக் கழுவிப் போடுங்கள். அதிலிருந்து ஊறும் டானின் நீருக்கு இளம் பழுப்பு நிறம் தரும்; மீன்களும் அமைதியடையும். அலங்காரத்துக்காக வைக்கும் கல்லின் மீது சில சொட்டு வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புச் சத்துள்ள கல், நீரைக் கடினமாக்கும். பவளமும் கிளிஞ்சலும் அப்படித்தான்.

குழாய் நீரில் குளோரின் இருந்தால் அது மீனின் செவுளையும் நல்ல நுண்ணுயிரிகளையும் ஒருசேர அழிக்கும். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் குளோரமைன் கலந்த நீருக்கு அது பொருந்தாது, அது எளிதில் வெளியேறுவதில்லை. எந்த நீராக இருந்தாலும் குளோரின் நீக்கி மருந்தை அளவுப்படி கலப்பதே பாதுகாப்பு.

நீரைப் பக்குவப்படுத்தல்

இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிப்பதால்தான் மேலே சொன்ன மரணங்கள் நேர்கின்றன. மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. எச்சமும் மீந்த உணவும் அழுகி மேலும் அம்மோனியாவைத் தருகின்றன. ஒரு வகை நுண்ணுயிரிகள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அம்மோனியா செவுளை எரிக்கும். நைட்ரைட் இரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் அதன் திறனைப் பறிக்கும். நீரில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும்போதே மீன் மூச்சுத் திணறும். நைட்ரேட் அவற்றோடு ஒப்பிட மிகக் குறைந்த தீங்குடையது. வாராந்திர நீர் மாற்றத்தில் அதை வெளியேற்றிவிடலாம். புதிய தொட்டியில் இந்த நுண்ணுயிரிகள் ஏறக்குறைய இல்லை. வடிகட்டியின் ஸ்பாஞ்சிலும் மணலிலும் அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். மீன் வளர்ப்போர் இதையே சைக்கிளிங் என்கிறார்கள்.

செய்முறை கடினமன்று. தொட்டியை முழுமையாக அமைத்து, வடிகட்டியை இரவு பகலாக ஓட விடுங்கள். மணமோ சோப்போ கலக்காத அம்மோனியா கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, சோதனையில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அது கிடைக்காதவர்கள் தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு அழுக விடலாம். அளவைக் கட்டுப்படுத்துவது மட்டும் சற்றுச் சிரமம். இரண்டு நாளுக்கு ஒரு முறை அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் வாரத்தில் எதுவும் நடக்காததுபோல் தோன்றும். பிறகு அம்மோனியா இறங்கத் தொடங்கும், நைட்ரைட் ஏறும். நைட்ரைட் உச்சத்தில் பல நாட்கள் அசையாமல் நிற்கும். பலரும் பொறுமை இழப்பது இங்கேதான். அம்மோனியா பூஜ்யத்துக்கு வரும்போதெல்லாம் மீண்டும் சேர்த்து நுண்ணுயிரிகளுக்கு உணவளித்துக்கொண்டே இருங்கள். ஒரு நாள் நைட்ரைட்டும் சரியும். 2 மில்லிகிராம் அளவுக்குச் சேர்த்த அம்மோனியா 24 மணி நேரத்தில் நைட்ரைட்டும் மிஞ்சாமல் மறைந்துவிட்டால் தொட்டி தயார். அப்போது பாதிக்கு மேல் நீரை மாற்றி, சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைத்துவிடுங்கள்.

நோயில்லாத பழைய தொட்டி ஒன்றிலிருந்து அழுக்கேறிய ஸ்பாஞ்ச் துண்டு கிடைத்தால் அதை உங்கள் வடிகட்டியில் செருகி இந்தக் காலத்தை ஓரிரு வாரங்களாகச் சுருக்கலாம். தெளிந்த பழைய நீரைக் கொண்டுவந்து ஊற்றுவதால் பெரிய பயன் இல்லை; நுண்ணுயிரிகள் நீரில் மிதப்பதைவிடப் பரப்புகளில் ஒட்டியே வாழ்கின்றன.

அம்மோனியாவைப் பற்றி இன்னும் ஒரு நுட்பம் உண்டு. நீரில் அது இரு வடிவங்களில் இருக்கிறது: நஞ்சான அம்மோனியா, தீங்கு குறைந்த அம்மோனியம். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே நஞ்சு வடிவம். பிஎச் 8 என்றால் ஐந்து விழுக்காட்டுக்கு மேல். அமில நீரில் மீன் தாங்கிய அம்மோனியா, காரத்தன்மை மிக்க புதுநீரை ஏராளமாக ஊற்றிய உடனே கொல்லும் அளவை எட்டுவது இதனால்தான்.

மீனைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவருதல்

கடைக்குப் புதிதாக வந்து இறங்கிய மீன்களை அன்றே வாங்காதீர்கள். நெடும் பயணத்தால் நலிந்த மீன்கள் இறப்பது பெரும்பாலும் அடுத்த ஒரு வாரத்துக்குள். ஒரு வாரம் கழித்தும் அதே தொட்டியில் தெம்பாக இருப்பவற்றை வாங்குவது நல்லது. வாங்கும்போது உணவு போடச் சொல்லிப் பாருங்கள். எல்லா மீன்களும் பாய்ந்து வந்து உண்ண வேண்டும். வயிறு ஒட்டியவை, செதில் தூக்கியவை, துடுப்பு கிழிந்தவை, நீலக் கோட்டின் இடையில் வெளிறிய திட்டு உள்ளவை, கூட்டத்தை விட்டுத் தனியே நிற்பவை ஆகியவற்றில் ஒன்றுகூட அத்தொட்டியில் இருந்தால் அங்கிருந்து எதையும் எடுக்காமல் திரும்பிவிடுங்கள். அழகாகத் தெரியும் மற்றவையும் அதே நீரில்தான் இருந்திருக்கின்றன.

ஏற்கெனவே மீன்கள் வாழும் தொட்டியாக இருந்தால், புதியவற்றைத் தனிமைத் தொட்டியில் மூன்று நான்கு வாரங்கள் வைத்துக் கவனிப்பது கட்டாயம். முதல் முறையாக மீன் விடும் தொட்டியென்றால் அதுவே தனிமைத் தொட்டியாகிவிடும். அம்மோனியா முறையில் நன்கு பக்குவப்பட்ட தொட்டியில் முழுக் கூட்டத்தையும் ஒரே நேரத்தில் விடலாம். உணவை அழுக விட்டுப் பக்குவப்படுத்தியவர்கள் ஆறு மீன்களில் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து மீதியைச் சேர்ப்பது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, பையைத் திறக்காமல் நீரின் மேல் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள், வெப்பநிலை சமமாகும். ஓரிரு மணி நேரம் மட்டுமே பையில் இருந்த மீன்களாக இருந்தால், பின்னர் பையைத் திறந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அரைக் கோப்பை தொட்டி நீரைச் சேர்த்து, முக்கால் மணி நேரத்தில் பழக்கலாம். ஒரு நாளுக்கு மேல் பையில் இருந்தவற்றுக்கு இது பொருந்தாது. மூடிய பையில் மீன் வெளிவிட்ட கரியமில வாயு நீரை அமிலமாக்கி வைத்திருக்கும்; அதனால் சேர்ந்துபோன அம்மோனியாவும் தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அம்மோனியா நஞ்சாக மாறும். அத்தகைய மீன்களை வெப்பநிலை சமமானதும் உடனடியாகத் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். எந்த நிலையிலும் மென்மையான வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள்; பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அன்றைக்கு உணவு வேண்டாம், விளக்கும் வேண்டாம்.

உணவு

நியானின் வாய் மிகச் சிறியது, வயிறு அதன் கண்ணளவே இருக்கும் என்று சொல்வார்கள். பெரிய துகளை வாயில் எடுத்துத் துப்பிவிடும். அது அடியில் அழுகும். தட்டை உணவை விரல்களுக்கிடையே பொடித்தோ, நுண் குருணை உணவையோ காலையும் மாலையும் கொடுங்கள். இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும் அளவே சரியானது. வாரத்தில் இரண்டு மூன்று முறை முட்டையிலிருந்து புதிதாகப் பொரிந்த ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறால், டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு, சிறிய கொசுப் புழு போன்ற உயிருணவோ உறையவைத்த உணவோ கொடுத்தால் நிறம் தேறுவது சில வாரங்களில் தெரியும். உயிருள்ள ட்யூபிஃபெக்ஸ் புழுவை நான் தவிர்க்கிறேன். அது கழிவு நீர்ச் சேற்றில் வளர்வது, நோயைக் கொண்டுவரக்கூடியது. நீரின் நடுப்பகுதியில் வாழும் மீன்கள் என்பதால் மெதுவாக அமிழும் உணவையே விரும்பும். வாரத்தில் ஒரு நாள் உணவே கொடுக்காமல் இருப்பதால் தீங்கில்லை.

வாராந்திரப் பணிகள்

வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றுங்கள். சைஃபன் குழாயால் மணலின் மேல் படிந்த கசடை உறிஞ்சி எடுத்து, அதே வெப்பநிலையில் குளோரின் நீக்கிய நீரை மெதுவாக ஊற்றுங்கள். நீர் தெளிவாகத் தெரிகிறது என்று இரண்டு மாதம் விட்டுவிட்டு, பிறகு ஒரே நாளில் முழுத் தொட்டியையும் கழுவி நிரப்புவது இம்மீனுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு. அந்த இரண்டு மாதத்தில் மெல்ல மெல்ல மாறிய நீருக்கு உடலைப் பழக்கிக்கொண்ட மீன், ஒரே மணி நேரத்தில் முற்றிலும் வேறான நீரில் விழுகிறது. பக்குவப்பட்ட நுண்ணுயிரிகளும் அத்துடன் அழிகின்றன.

ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் கழுவக் கூடாது. நீர் மாற்றும்போது எடுத்த தொட்டி நீரிலேயே இரண்டு மூன்று முறை பிழிந்து மீண்டும் பொருத்துங்கள். பழுப்பாகவே இருந்தால் பரவாயில்லை. ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுசெய்யும்போது ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்துவது நல்லது, ஏனெனில் ஆவியாவது நீர் மட்டுமே. தாதுக்கள் தங்கிவிடுவதால் கடின நீரை ஊற்ற ஊற்றக் கடினத்தன்மை கூடிக்கொண்டே போகும். நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் எப்போதும் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். மின்சாரம் நீண்ட நேரம் தடைபட்டால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் பெரும் உதவி.

உடன் வளர்க்கத் தகுந்தவை

அடியில் மேயும் கோரிடோராஸ், சிறிய ரஸ்போரா வகைகள், எம்பர் டெட்ரா ஆகியவை நல்ல துணைகள். வளர்ந்த ஏஞ்சல் மீன் நியானை விழுங்கிவிடும். குட்டியாக இருக்கும்போது ஒன்றாக வளர்ந்தது என்ற உறவு அதற்குப் பொருட்டில்லை. டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும். தங்கமீனுக்கு வேண்டியது குளிர்ந்த, கடினமான நீர். அது பெருக்கும் கழிவும் மிகுதி. சிறிய இறால்களுடன் வைக்கலாம், ஆனால் இறால் குஞ்சுகள் நியானுக்கு உணவாகும்.

நோய்கள்

உடலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றி, மீன் கல்லிலும் கட்டையிலும் உரசினால் அது வெண்புள்ளி நோய். தோலுக்குள் இருக்கும்போது அந்த ஒட்டுண்ணியை மருந்து தொடுவதில்லை. நீரில் நீந்தும் பருவத்தில் மட்டுமே அது சாகும். ஆகவே புள்ளிகள் மறைந்த பின்னும் சிகிச்சையை ஒரு வாரமாவது தொடர வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் நீரை 29 டிகிரி வரை ஏற்றி, காற்றோட்டத்தைக் கூட்டினால் ஒட்டுண்ணியின் சுழற்சி விரைவுபடும், மருந்து வேலை செய்யும். மாலகைட் கிரீன் போன்ற மருந்துகளை டெட்ராக்கள் எளிதில் தாங்குவதில்லை என்பதால் பாதி அளவில் தொடங்குவதே முறை.

நியான் நோய் என்று இம்மீனின் பெயராலேயே வழங்கும் நோய் ஒன்று உண்டு. பிளைஸ்டோஃபோரா என்னும் நுண் ஒட்டுண்ணி தசைக்குள் புகுந்து அதை அழிக்கிறது. முதலில் மீன் இரவில் கூட்டத்தோடு ஓய்வெடுக்காமல் தனியே அலையும். பின் நீலக் கோட்டில் இடைவெளி விழும், உடலில் வெளிறிய திட்டுகள் பரவும், முதுகெலும்பு வளையும். இதற்கு மருந்து இல்லை. பாதிக்கப்பட்ட மீனை, அல்லது அதன் இறந்த உடலை, மற்றவை கொத்தித் தின்பதன் மூலமே பெரிதும் பரவுகிறது. எனவே அறிகுறி கண்டவுடன் தனித் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். அங்கே சில நாட்கள் பார்ப்பது அவசியம். வெளிறிய திட்டு எல்லாமே இந்த நோய் அன்று, காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயும் அதேபோல் தோன்றும். அது மிக விரைவாகப் பரவும். தக்க பாக்டீரியா மருந்துக்குக் கட்டுப்படவும் கூடும்.

தேறாது என்று உறுதியான மீனைத் துடிக்க விடுவது எனக்கு ஒப்புவதில்லை. ஒரு சிறு பாத்திரத்தில் லிட்டருக்கு அரை மில்லிலிட்டர் அளவில் கிராம்பு எண்ணெயைச் சூடான நீர் சிறிதில் நன்றாகக் குலுக்கிக் கலந்து, ஆறிய பின் தொட்டி நீருடன் சேர்த்து மீனை அதில் விட்டால் உணர்விழந்து அமைதியாக உயிர் பிரியும். செவுள் அசைவு நின்ற பிறகும் கால் மணி நேரம் அப்படியே விட வேண்டும்.

இனப்பெருக்கம்

பெண் வயிறு உருண்டிருப்பதால் அதன் நீலக் கோடு நடுவில் சற்று வளைந்து தெரியும். ஆணின் கோடு நேரானது. பெரிய தொட்டியில் முட்டையிட்டாலும் அவற்றை மற்ற மீன்கள் உண்டுவிடும். அதனால் 15 லிட்டர் அளவுள்ள தனித் தொட்டி வேண்டும்: மணல் வேண்டாம், ஒரு சிறு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு கொத்து ஜாவா பாசி, 24 டிகிரி வெப்பம். இங்கே நீரில் சமரசம் இல்லை. கடினத்தன்மை ஒன்றிரண்டு டிகிரியும் பிஎச் 5.5 முதல் 6 வரையும் இருந்தால்தான் முட்டைகள் கருவுறும். கடின நீரில் அவை வெண்மையாகிப் பூஞ்சை பிடிக்கும்.

இரண்டு வாரம் உயிருணவு கொடுத்து வளர்த்த ஓர் ஆணையும் பெண்ணையும் மாலையில் அதில் விட்டு, தொட்டியைத் துணியால் மூடிவிடுங்கள். பெரும்பாலும் விடியலின் மங்கிய வெளிச்சத்தில் பாசிக்கிடையே முட்டையிடும். நன்கு தேறிய பெண் நூறு முட்டைகளுக்கு மேலும் இடலாம். மூன்று நாளில் நடக்கவில்லையென்றால் பெரிய தொட்டிக்கே திருப்பிவிட்டு, இரு வாரம் கழித்து மீண்டும் முயலுங்கள். முட்டை கண்டதும் பெற்றோரை அகற்றிவிட வேண்டும். முட்டையும் குஞ்சும் வெளிச்சத்தைத் தாங்குவதில்லை என்பதால் தொட்டி மூடியே இருக்கட்டும்.

ஒரு நாளில் பொரிந்து, கண்ணாடி இழை போன்ற குஞ்சுகள் கண்ணாடியிலும் பாசியிலும் தொங்கும். வயிற்றோடு ஒட்டிய மஞ்சள்கருப் பையில் உள்ள உணவு தீர்ந்து நான்காம் ஐந்தாம் நாளில் நீந்தத் தொடங்கும். அந்த நாளுக்கு நுண்ணுயிர் உணவு தயாராக இருந்தாக வேண்டும். அதற்காக, முட்டையிட விடுவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு பாட்டில் தொட்டி நீரில் உலர்ந்த இலைத் துண்டுகளைப் போட்டு வையுங்கள். முதலில் கலங்கி, பிறகு தெளியத் தொடங்கும்போது இன்ஃபுசோரியா பெருகியிருக்கும். அதை நாளுக்கு நான்கைந்து முறை சொட்டுச் சொட்டாக விடுங்கள். பத்து நாளுக்குப் பிறகு புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவைக் கொடுத்துப் பாருங்கள். குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தால் உண்கிறது என்று அறியலாம். துணியை நாளுக்குச் சிறிது சிறிதாக விலக்கி வெளிச்சத்துக்குப் பழக்குங்கள்.

ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதல் நீலக் கோடு மெல்லியதாகத் தெரியும். அப்போதிருந்து, முட்டைக்காக மென்மையாக்கிய நீரை வாரந்தோறும் சிறிதளவு மாற்றிப் பெரிய தொட்டியின் நீருக்கு இணையாகக் கொண்டுவாருங்கள். உடல் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டி, பெரியவற்றின் வாய்க்குள் அடங்காத அளவு வந்த பிறகு, விளக்கணைத்த மாலை நேரம் ஒன்றில் குஞ்சுகளைக் கூட்டத்தோடு சேர்த்துவிடலாம்.